இடது கைத் தாளம்

கோபம் எனக்கு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். நான் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, என்னோடு கடலூர் துறைமுக ஆபீசில் குப்பை கொட்டியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்குச் சிதம்பரம் கச்சேரிக்கு நேரத்தோடு போய்ச் சேராததற்கு மழை, ரயில், பாலம் என்று எதன் மேல் வேண்டுமானாலும் பழியைப் போடலாம். ஆனால் பாதிப் பழி என் வாய்க்குத்தான்.

அறுபதுகளின் கடைசி, கார்த்திகை மாதம். கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு டீக்கடைச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். சிதம்பரத்தில் ஒரு காலேஜ் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்நாட்டு ஜாஸ் இசையும் கர்நாடக இசையும் சேர்ந்த கச்சேரி, அனைவரும் வருக என்று போட்டிருந்தது. சாக்ஸபோன், டிரம்ஸ், ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய ஃபிடில் என்று மூன்று வெள்ளைக்காரர்கள் பேர். அதற்குக் கீழே நம்மாட்கள் இரண்டு பேர், வயலினும் மிருதங்கமும். மிருதங்கத்துக்கு நேராக இருந்த பேரைப் படித்ததும் டீயை வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அது என் மச்சான், என் மனைவியின் தம்பி. அடியில் சின்ன எழுத்தில், இந்தக் குழு வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் நம் நாட்டில் நடக்கும் கடைசிக் கச்சேரி இது என்று இருந்தது.

அவனும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஏன் பேசவில்லை என்று சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்க ஒன்றுமில்லை. என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். எங்கள் கல்யாணத்தன்றைக்கே அவனும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மிருதங்கமுமாக எங்களோடு கடலூர் ஓல்டு டவுன், ஓ.டி. என்போம், அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். இருந்தது ஒரு கூடம், ஒரு அடுப்படி. அவன் கூடத்தில் உட்கார்ந்து சாதகம் பண்ணுவான். அவள் அடுப்படியில் நின்றுகொண்டே அவனுக்குத் தாளம் போடுவாள். வலது கையில் கரண்டி இருக்குமில்லையா, அதனால் தாளம் இடது கையில். ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு. தொடையில் தட்டுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்கும். சங்கீதம் படித்தவர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், இடது கையில் தாளம் போடக் கூடாதாம். அவள் சட்டை பண்ண மாட்டாள். "சோறு கொழைஞ்சா எவன் திம்பான்" என்பாள்.

எனக்குச் சங்கீதம் சுட்டுப் போட்டாலும் வராது. அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் தாளம் போடக் கற்றுக்கொண்டேன், அதே இடது கையில். அவன் கணக்கு வழக்கைத் திருகி வாசிக்கும்போது என் கை அந்த வாசிப்புக்குப் பின்னாலேயே ஓடிவிடும், எண்ணிக்கை போய்விடும். "வாசிக்கறத ஏன் கேக்கறீங்க? கைய மட்டும் பாருங்க" என்று திட்டுவாள். கச்சேரிகளில் மிருதங்கக்காரனுக்குத் தனி ஆவர்த்தனம் விடுவார்கள், பாட்டும் வயலினும் நின்று அவன் மட்டும் வாசிக்கும் கட்டம். நம் ஜனங்கள் அதற்கென்றே காத்திருந்தது போல அப்போது எழுந்து காபிக்குப் போய்விடும். அவள் அசைய மாட்டாள். "என் தம்பி வாசிக்கும்போது எழுந்து போறவனுக்குக் காபி கசக்கட்டும்" என்று என் காதில் சொல்வாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்தாம் நாள் உடம்பு ரொம்ப மோசமாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் பண்ருட்டியை ஒட்டின திருவதிகைக் கோயில் திருவிழாவில் அவனுக்குக் கச்சேரி, ஒரு பெரிய வித்வானுக்கு முதல் தடவையாகப் பக்கவாத்தியம். காலையில் கொஞ்சம் தெளிந்திருந்த அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பிப் போனான். மத்தியானம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ஆள் அனுப்பக் கிளம்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனக் கூப்புடாதீங்க. கச்சேரி முடியட்டும். நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்" என்றாள். ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

ராத்திரி கச்சேரி முடிந்து அவன் தோளில் போட்ட மாலையோடு வந்து நின்றான். "பண்ருட்டிக்கு ஒரு ஆள் அனுப்ப உங்களுக்கு என்ன கேடு? என்னக் கேக்காம நீங்க யாரு முடிவு பண்றதுக்கு?" என்றான். அவள்தான் வேண்டாமென்றாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவன் கோபம் அவள் மேல் திரும்பும், இல்லாவிட்டால் தன் வாசிப்பு மேலேயே திரும்பும், அப்புறம் மிருதங்கத்தைத் தொட மாட்டான் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மெட்ராசுக்குப் போனவன் ஒரு கார்டுகூடப் போடவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் நான் ஒருத்தன். சமைப்பேன், சாப்பிடுவேன், ஆபீசில் யாரிடமாவது சண்டை போடுவேன், வந்து படுப்பேன். பண்டிகை நாளில் யாராவது கூப்பிடுவார்கள், போக மாட்டேன். மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை இனி வைத்திருக்க முடியாது என்று அந்த நோட்டீஸைப் பார்த்தபோது தெரிந்தது. அவன் கப்பலோ பிளேனோ ஏறுவதற்கு முன்னால் அவனிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். கச்சேரி எனக்குச் சாக்கு, அவ்வளவுதான். ஜாஸ் என்றால் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓ.டி. ஸ்டேஷனில் பாசஞ்சரைப் பிடித்தேன். நாலு மணிக்குச் சிதம்பரம் போய்விடலாம் என்று கணக்கு. ரயில் ஆலப்பாக்கத்தில் நின்றது, நின்றதுதான். ஒரு வாரமாகப் பெய்த மழையில் புதுச்சத்திரம் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துவிட்டதாம். ஆட்கள் போட்டு அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், இதோ கிளம்பிவிடும் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு மணி நேரம் கழித்தும் இதோ என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"இதோன்னா எந்த இதோ சார்? காலைலயே தெரிஞ்சிருக்குமே, அப்புறம் எதுக்குய்யா டிக்கெட்டு குடுத்தீங்க?" என்று ஆரம்பித்தேன். அவர் பாவம், நனைந்த தொப்பியும் கையில் கொடியுமாக, "நான் என்ன சார் பண்றது" என்றார். விட்டேனா. ரயில்வேயையும் அவரையும், வேண்டாத இடத்தில் பெய்கிற மழையையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தேன். என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது, அதனால் இன்னும் குரல் ஏறியது. ஒருவழியாக ஓய்ந்து திரும்பிப் பார்த்தால் கூட்டத்தில் பாதி இல்லை. நான் கத்திக்கொண்டிருந்தபோது வெளியே ரோட்டில் சிதம்பரம் பஸ் வந்து, புத்தியுள்ளவர்கள் எல்லாம் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். அரை மைல் நடந்திருப்பேன், பின்னால் ஒரு லாரி வந்தது. கை காட்டினேன், நிறுத்தினான். முன்னால் இடமில்லை, பின்னால் ஏறிக்கோ என்றான். ஏறின பிறகுதான் தெரிந்தது, கருவாட்டு லாரி. தார்ப்பாய்க்கு அடியில் கூடை கூடையாகக் கருவாடு, அதன் நடுவில் கடலோரத்து மீன்காரப் பெண்கள் நாலு பேர், புவனகிரிச் சந்தைக்குப் போகிறவர்கள். கச்சேரிக்கென்று பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட வெள்ளைச் சட்டை. சரி, இனி என்ன இருக்கிறது என்று ஒரு கூடை மேல் உட்கார்ந்தேன்.

"வெள்ளையும் சொள்ளையுமா எங்கய்யா போற?" என்றாள் ஒருத்தி, வெற்றிலையை மென்றுகொண்டே.

"செதம்பரத்துக்கு. கச்சேரிக்கு."

"யாரு பாடறாங்க?"

"பாட்டெல்லாம் கெடையாது. வெள்ளக்காரங்க வாசிக்கறாங்க. எங்க மச்சான் மிருதங்கம்."

"வெள்ளக்காரனுக்கு மேளம் அடிக்கறானா?" என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். "பொண்டாட்டிய ஏன் இட்டாரல? தம்பி வாசிக்கறத பாக்கமாட்டாளா?"

"அவ செத்துப் போயி மூணு வருசமாச்சு."

லாரியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவளே குரலை இறக்கி, "புள்ள?" என்றாள். இல்லையென்றேன். "பொண்டாட்டியும் இல்ல, புள்ளயும் இல்ல, அப்புறம் மச்சான்னு எந்த மொறையில போயி நிப்ப?" என்றாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தை ஒட்டித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வண்டியாகத்தான் விட்டார்கள். பெண்கள் அங்கே இறங்கிவிட்டார்கள். நாங்கள் பாலம் தாண்டும்போதே ஐந்து மணி தாண்டிவிட்டது. சிதம்பரத்தில் லாரிக்காரன் ஸ்டேஷன் பக்கம் இறக்கிவிட்டான். ஜட்காக்காரன் ஒருத்தன் என்னைப் பார்த்ததும் வாங்க சார் என்றான், கிட்டப் போனதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குதிரை களைத்துப்போச்சு என்றான். நடந்தேன், ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

காலேஜ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்திலிருந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பையன்கள், வாத்தியார்கள், பட்டுப்புடவைகள் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு கும்பல் கும்பலாக. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு வந்தவன் எச்சில் இலையை எண்ணிய கதை. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவன் அக்காவிடம் வந்து நின்றபோது இப்படித்தான் இருந்திருக்கும் அவனுக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே போய்த் தேடலாம், ஆனால் அத்தனை பேர் நடுவில் இந்த நாற்றத்தோடு போய், இந்தா சொல்ல மறந்தது என்று எதைச் சொல்வது. திரும்பிவிட்டேன்.

பத்தடி நடந்திருப்பேன். பக்கத்தில் போன ஒரு கண்ணாடிக்காரர் தன் மனைவியிடம், "சீக்கிரம் வா, தனி விட்டிருக்கான், முடியறதுக்குள்ள காபி குடிச்சிட்டு வந்துடலாம்" என்றார்.

அந்த மனிதர் நல்லா இருக்கட்டும். திரும்பி ஓடினேன்.

மண்டபத்தில் நூறு நாற்காலிக்குப் பத்து நாற்காலியில்தான் ஆள். மேடையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான், தலைமுடி காதுவரை வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் டிரம்ஸுக்கு நடுவில், தன் முறை வருவதற்காகக் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். ஓரத்தில்தான் கூத்து. ஜனம் இப்படி எழுந்து போனதைப் பார்த்து அந்தச் சாக்ஸபோன்காரன் பதறிப்போய்விட்டான் போலிருக்கிறது. அவர்கள் ஊரில் ஒருத்தன் தனியாக வாசித்தால் கை தட்டுவார்களாம். அவன் வயலின்காரரைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, என்ன தப்பு செய்தோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இவர் இரண்டு கையையும் ஆட்டி, ஒன்றுமில்லை, காபி, காபி என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். பாட்டுக்காரர் இல்லாத கச்சேரியில் தாளம் போட வேண்டியது அந்த வயலின்காரர்தான். மேடையில் தாளத்துக்குக் கையே இல்லை.

நான் நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். யோசிக்கவில்லை. அவன் தலை ஆடுகிற இடத்தைப் பார்த்து முதல் தட்டு எங்கே என்று பிடித்து, தொடையில் தட்டினேன். இடது கை.

முதலில் டிரம்ஸ்காரன்தான் பார்த்தான். காணாமல் போன செருப்பு கிடைத்தவன் மாதிரி முகம் மலர்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டு தன் முறையை வாசித்தான். அவன் எங்கே பார்க்கிறான் என்று என் மச்சான் கண் திறந்து பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான். மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் விழ வேண்டிய ஒரு அடி விழவில்லை, அது எனக்கே தெரிந்தது. அப்புறம் கண்ணை எடுக்காமல் வாசித்தான்.

என்ன வாசித்தான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எட்டுக்குள் ஏழைத் திணித்தான், ஐந்தைத் திணித்தான், டிரம்ஸ்காரன் அதைப் பிடித்து வேறெங்கோ இழுத்துப்போனான், என் கை ஓடப் பார்த்தது. வாசிக்கறத ஏன் கேக்கறீங்க, கைய மட்டும் பாருங்க. நான் கையை மட்டும் பார்த்தேன். தட்டு, மூன்று விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. கண்ணில் தண்ணீர் வந்து விரல் மங்கியது, அப்போதும் விடவில்லை. அவ்வளவு தூரம் விழுந்தடித்துக்கொண்டு வந்த கச்சேரியை நான் கேட்கவே இல்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து முடிவை மூன்று தடவை வாசித்து ஒரே அடியாக என் தட்டில் வந்து விழுந்தார்கள். இருந்த பத்துப் பேரும் கை தட்டினார்கள்.

காபி குடித்த ஜனம் திரும்பி வந்தது. மார்பில் ரிப்பன் குத்திய ஒருத்தர் என்னிடம் குனிந்து, "இது புரொபசருங்க சீட்டு சார்" என்று சொல்லி, மூச்சை இழுத்து, இரண்டடி பின்னால் போனார். எழுந்து கடைசிக் கதவோரம் போய் நின்றேன். சாக்ஸபோன்காரன் திரும்ப வந்து வாசித்தான். நாயனத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது, நன்றாகத்தான் இருந்தது. இரண்டு இரண்டு பேராக வந்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நான் யாரைப் பார்த்து ஆட்டுவது.

முடிந்ததும் வாசலில் வேனில் சாமான் ஏற்றினார்கள். அவன் உறை போட்ட மிருதங்கத்தைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"மாமா."

மூன்று வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

"என்ன மாமா இது, கருவாட்டு நாத்தம்?"

"லாரில வந்தேன்."

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எடது கையில போட்டீங்க" என்றான்.

"எனக்கு வேற எப்படிடா தெரியும்."

வேன்காரன் ஹாரன் அடித்தான். இனி தாமதித்தால் ஆகாது என்று, "மச்சான், அன்னிக்கித் திருவதிகைக்கு நான் ஆள் அனுப்பாதது ஏன்னா" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா வேணாம்னு சொல்லியிருக்கும்" என்றான்.

மிருதங்கத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதா மாமா? என் கச்சேரிய எங்க அக்கா நிறுத்த உட்டுருமா? அன்னிக்கி உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமாடா மூணு வருசம் பேசாம இருந்த?"

அவன் மிருதங்கத்தின் உறையை இழுத்து இழுத்து விட்டான். "செத்தவ மேல எப்படி மாமா கோவிச்சிக்கறது? நீங்கதான் மிச்சம் இருந்தீங்க."

திரும்ப ஹாரன். அவன் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். எழுதறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேன் போனபிறகு காலேஜ் பியூன் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தான். எனக்கு மச்சான் மேல் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. அவனுக்குக் கோபித்துக்கொள்ள நான் ஒருத்தன் மிச்சம் இருந்தேன். எனக்கு யார் மிச்சம்?

ஸ்டேஷன் பெஞ்சில் படுத்து, காலையில் முதல் பாசஞ்சரில் ஏறினேன். தண்டவாளத்தைச் சரி பண்ணிவிட்டார்கள். ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றபோது அதே ஸ்டேஷன் மாஸ்டர் கொடியோடு நின்றுகொண்டிருந்தார், தொப்பி இன்னும் காயவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "சார், நேத்து கோவத்துல ரொம்பப் பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க. நீங்கதான் எதிர்ல நின்னீங்க, அதான்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நேத்து அம்பது பேரு திட்டுனாங்க சார். அதுல நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டுக் கொடியை ஆட்டினார்.

வண்டி கிளம்பியது. என் எதிரில் உட்கார்ந்திருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்கள். கடலூர் வருகிற வரைக்கும் அந்த இரண்டு பெஞ்சிலும் நான் மட்டும்தான் இருந்தேன்.